முப்பது தடவை செய்ய முடிகிற கார்டு

பேபி ஷவர் அழைப்பிதழைக் கையாலேயே செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை கார்டு? பத்து என்றால் ரிப்பன் கட்டுங்கள், குட்டிச் சட்டை வெட்டி ஒட்டுங்கள், மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். முப்பது நாற்பது என்றால் கதை வேறு. ஒரு கார்டுக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலும் முப்பதுக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடும், அதில் பசை காய்வதும் கவரில் பெயர் எழுதுவதும் சேரவில்லை. வீடியோவில் பார்க்கிற கார்டெல்லாம் ஒரே ஒரு தடவை செய்வதற்காக யோசித்தவை. அதனால் முதலில் ஒன்றே ஒன்றைக் கடைசிவரை செய்து பாருங்கள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. இரண்டாவதைச் செய்ய அலுப்பாக இருந்தால் அந்த டிசைனை அங்கேயே விட்டுவிடலாம். அப்புறம், ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள், வீட்டுக்கு ஒன்று போதும். பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

அளவு விஷயத்தில் புதுமை வேண்டாம் என்பேன். ஏ4 அட்டையைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் இரண்டு ஏ5. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டரில் ஏ6 கார்டு, அதற்கென்றே இருப்பது 114க்கு 162 அளவுள்ள சி6 கவர். பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாதபடி 1922இல் ஜெர்மனியில் தரப்படுத்திய அளவு முறை இது. யாரோ அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்ட புண்ணியத்தில் நமக்குத் துண்டு துணுக்கு மிஞ்சுவதில்லை. சதுரக் கார்டு அழகுதான், ஆனால் அதற்குப் பொருந்துகிற கவர் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் கவரையும் நீங்களே செய்ய வேண்டும். கவரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற கார்டைச் செய்வது புத்திசாலித்தனம்.

இப்போது அட்டை. பிரிண்டருக்குப் போடுகிற சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு), அதில் கார்டு செய்தால் நிற்காது, தொய்ந்து விழும். 200லிருந்து 250 வரை சரியாக இருக்கும். 300க்கு மேல் போனால் மடிப்பதே பெரிய வேலை, நிறைய வீட்டுப் பிரிண்டர்கள் அதை உள்ளே இழுக்கவும் திணறும். ஜிஎஸ்எம் பார்க்கிறவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று இழை. எந்த அட்டைக்கும் இழை ஓடுகிற திசை என்று ஒன்று உண்டு. அட்டையை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், அகலவாக்கிலும் வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த மடிப்புக் கோட்டுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது. அந்தப் போக்கில் மடித்தால் விளிம்பு கத்தி மாதிரி வரும். எதிர்த்து மடித்தால் வெடித்து உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும், கருநிற அட்டை என்றால் பார்க்கச் சகிக்காது.

அதுவும் நேரடியாக மடிக்கக் கூடாது. முதலில் இரும்பு ஸ்கேலை வைத்து மடிப்புக் கோட்டில் ஒரு பள்ளம் விழும்படி கீற வேண்டும், வெட்டிவிடாமல். இதற்குத் தனிக் கருவியெல்லாம் வேண்டாம், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். மடித்த பிறகு மேலே ஒரு தாளை வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒரு தேய் தேயுங்கள். தாள் வைக்காமல் தேய்த்தால் அட்டை அங்கே மட்டும் பளபளக்கும். வேலை மொத்தத்தில் கார்டைக் கடையில் வாங்கியது போலக் காட்டுவது இந்த மடிப்புதான், மேலே ஒட்டுகிற பூவோ பொம்மையோ அல்ல.

பசை: தண்ணீர்ப் பதமான வெள்ளைப் பசையைத் தாள் முழுக்கப் பூசினால் ஈரத்தில் நெளியும். டபுள் சைடு டேப் அல்லது குச்சிப் பசை. கிளிட்டர் வேண்டவே வேண்டாம், கவரைப் பிரிக்கிறவர் மடியெல்லாம் கொட்டும். தபாலில் அனுப்புவதாக இருந்தால் பட்டன், மணி போன்ற மேடான சாமான்களையும் தவிருங்கள், கவர் கிழியும்.

சரி, அலங்காரமே வேண்டாமா? எனக்குப் பிடித்தது பாதச் சுவடு. கையை முஷ்டியாக மூடி, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி கார்டில் அழுத்துங்கள், அப்படியே ஒரு குழந்தையின் உள்ளங்கால் மாதிரி பதியும். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கால்விரல். வலக்கை, இடக்கை இரண்டையும் அழுத்தினால் ஜோடிப் பாதம். பெரியவர் முஷ்டி கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாகச் செய்யும். தண்ணீரில் கழுவக்கூடிய மையாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஒன்று போல ஒன்று இருக்காது, கோணலாக விழுந்தாலும் அழகாகவே இருக்கும். கலர் பச்சையோ மஞ்சளோ சாம்பலோ இருக்கட்டும், பிறக்கப் போவது யார் என்று கார்டு முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே எழுதுகிற வாசகம் முழுவதையும் கையால் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். யாருக்காக, எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, யாரிடம் எதற்குள் வருகையைச் சொல்ல வேண்டும், இவை அச்சில் இருந்தால்தான் படிக்கிறவருக்கு வசதி. அழைக்கப்படுகிறவர் பெயரை மட்டும் கையால் எழுதுங்கள், அதுவே போதும். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அச்சுக்கு முன்னால், உங்கள் கார்டை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நாமே பத்துத் தடவை படித்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இன்க்ஜெட் என்றால் அடித்தவுடன் மடிக்காமல் காயவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால் கார்டு கையில் கிடைக்க வேண்டும். வருகையைச் சொல்லக் கடைசி நாளாக நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முந்தைய தேதியைப் போடுங்கள், எப்படியும் பாதிப் பேரை நீங்களேதான் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.