26 விநாடி

"சொல்லுங்க சார்."

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "சார் இல்லீங்க, மேடம். இப்ப போட்டீங்களே, அந்தப் பாட்டைப் பாடினது நான்தான்" என்று பதில் வந்தது. அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் எங்கள் வானொலியில் "கம்பீரமான ஆண் குரலில் கேட்டீர்கள்" என்று அறிவிப்பு போயிருந்தது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, லாக் புத்தகத்தில் (ஒலிபரப்பின் அன்றாடப் பதிவேட்டில்) ஒரு வரி எழுதி, மறந்திருப்போம்.

ஒரே ஆள், ஒரே மாலை, இரண்டு தடவை. முதல் தடவை பாட்டில், இரண்டாவது தடவை பேச்சில். முதல் தவறுக்கு இயந்திரத்தின் மேல் பழிபோட முடிந்தது. கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். அந்தக் கணக்கு பொய்யுமில்லை.

பதிவின்போது ரெக்கார்டர் வெளிக் கடிகாரத்தைப் பின்பற்றி விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து மாதிரி எடுத்திருக்கிறது. கோப்பின் தலைப்பிலோ, அதாவது அதன் விவரக் குறிப்பில், 44,100 என்று பதிவாகியிருக்கிறது. ஒலிபரப்புக் கணினி தலைப்பைத்தான் நம்பும். அதனால் பாட்டு எட்டு சதவீதம் மெதுவாக ஓடியது. சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் (கறுப்பும் சேர்த்து ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) இறங்கியது. அந்த அம்மா பாடுவது 4 கட்டை, அதாவது ஆர்மோனியத்தின் நாலாவது வெள்ளைக் கட்டை. ஆதார ஷட்ஜம், அதாவது அவருடைய 'ஸ', 175 ஹெர்ட்ஸ். ஒலிபரப்பில் வந்தது 160, அதாவது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் 1லிருந்து 2 கட்டைக்குள்ளும், பெண்கள் 5லிருந்து 6க்குள்ளும் பாடுவார்கள். இரண்டரைக்கு மேல் என்றால் 'எடுத்துப் பாடுகிற ஆண்' என்றுதான் பழகிய காது முடிவுகட்டும். அவர் மந்திர பஞ்சமத்தில் (ஆதாரத்துக்குக் கீழே உள்ள 'ப'வில்) இறங்கி நின்ற இடம் உண்மையில் 131 ஹெர்ட்ஸ். அன்று வந்தது 120. ஆண்கள் சாதாரணமாகப் பேசும் சுருதி அது.

சுருதி மட்டும் இறங்கியிருந்தால் காது ஒருவேளை தப்பித்திருக்கும். குரலை ஆண், பெண் என்று பிரிக்க அது பயன்படுத்தும் இன்னொரு அளவுகோல், குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளம். ஆண்களுக்குச் சராசரியாக 17 செ.மீ., பெண்களுக்கு 14.5 அளவில். அந்தக் குழாயின் ஒத்ததிர்வுகள்தான் 'ஆ'வை ஆவாகவும் 'ஈ'யை ஈயாகவும் ஆக்குகின்றன. குழாய் நீண்டால் அவை கீழிறங்கும். வேகம் குறைந்த பதிவில் அவையும் சேர்ந்தே இறங்கிவிடுவதால், பதினாலரை செ.மீ. குழாய் கிட்டத்தட்ட 16 செ.மீ. குழாயாக ஒலிக்கிறது. இரண்டு சாட்சியும் ஒரே பொய்யைச் சொன்னால் காது யாரைக் கேட்கும்?

போதாததற்கு மத்திய அலை. 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்களை அடுக்கும்போது, கேட்பவரின் பெட்டியில் நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பெண் குரலின் மூச்சுக்காற்று, 'ஸ'கரத்தின் கூர்மை எல்லாம் அதற்கு மேலேதான் வாழ்கின்றன. அடிப்பக்கம் சின்ன ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தருவதேயில்லை. ஆனால் அது பெண்ணுக்குச் சாதகமாக அமையாது. 320, 480, 640 என்று மேல்சுரங்கள் வந்தாலே போதும், மூளை இல்லாத 160ஐத் தானே கணக்குப்போட்டுக் கேட்டுக்கொள்ளும். தொலைபேசி 300க்குக் கீழே வெட்டிய பிறகும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்பது இதனால்தான்.

எல்லாம் சரி. ஆனால் கியூ ஷீட்டில், அதாவது நிகழ்ச்சி வரிசைத் தாளில், பாட்டின் நேரம் 5.00 என்று இருந்தது, லாக் புத்தகத்தில் ஓடிய நேரம் 5.26. அந்த 26 விநாடியை இரண்டு பேர் எழுதினார்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், யாரும் படிக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சி தாமதமாகிறதே என்றுதான் கவலை. நேரம் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் நீண்டால் 48-44.1 குழப்பம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். கீபோர்டு துணைக்கு இருந்திருந்தால் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்ததே காட்டிக்கொடுத்திருக்கும். தம்புராவை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அது பாடுகிறவரின் வசதிக்கு எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

பிறகு கோப்பைச் சரிசெய்து, சரியான வேகத்தில் மூன்று பேரை உட்காரவைத்துக் கேட்டோம். ஒருவர் பெண் என்றார். இரண்டு பேர் தயங்கித் தயங்கி ஆண் என்றார்கள். இயந்திரத்தின் மேல் போட்ட பழி அங்கேயே நொண்டியது. தொலைபேசியில் அவர் பேசியபோது எந்தக் கோப்பும் மெதுவாக ஓடவில்லையே.

இதெல்லாம் புதிதல்ல என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கலின் குரல் தொண்டைச் சிகிச்சைக்குப் பிறகு கனத்து, அந்தக் கனமே அவருடைய அடையாளமாக நிலைத்தது. மைக் வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமே என்று நாடக மேடை ஆண்கள் பெண்களின் கட்டையில் பாடினார்கள். 1933இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் இசைத்தட்டை முதல்முறை கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவது இயல்பு. 1960இல் வந்த களத்தூர் கண்ணம்மாவில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவர் எம்.எஸ்.ராஜேஸ்வரி. வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கு அது பையன்தான். அமெரிக்காவில் ஜாஸ் பாடகர் ஜிம்மி ஸ்காட்டுக்கு, பருவ மாற்றத்தைத் தடுக்கும் கால்மன் நோய்க்குறியால் குரல் உடையவே இல்லை. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் குழுவோடு அவர் பாடிய பதிவு ஒன்று ஒரு பெண் பாடகியின் பெயரில் வெளியாயிற்று. காது ஏமாந்தது ஒரு பக்கம். அவருக்கு வரவேண்டிய பெயர் இன்னொருவருக்குப் போனது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசித்தான் நாம் நம்மை மன்னித்துக்கொள்கிறோம்.

திருத்தம் எப்படிச் செய்வது என்று அன்றே ஒரு பேச்சு நடந்தது. உடனே மைக்கைத் திறந்து "ஆண் குரல் என்று தவறாகக் குறிப்பிட்டோம்" என்று சொல்லலாம். சொன்னால், கவனிக்காத ஆயிரம் பேரும் இப்போது கவனிப்பார்கள். அதனால் மறுவாரம் அதே பாட்டைச் சரியான வேகத்தில் போட்டு, அறிவிப்பைப் பொதுவாக வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. தமிழ் இதற்கு வசதியான மொழி. அவர், பாடியவர், பாடினார் என்றால் யாரும் எதையும் கேட்க முடியாது. மரியாதையும் குறையாது. தெரியாத இடத்தில் 'வர்' போட்டுத் தப்பித்துக்கொள் என்பது அறிவிப்பாளர்களுக்கு மூத்தவர்கள் சொல்லித்தரும் முதல் தந்திரம். மறுவாரம் அப்படியே போயிற்று: "இந்தப் பாடலைப் பாடியவர்..." என்று பெயர். அவருடையதும் இருபாலுக்கும் பொருந்துகிற பெயர்.

மறுபடியும் தொலைபேசி. இந்தத் தடவை எடுத்தவர் உஷாராக "வணக்கம், சொல்லுங்க" என்றார்.

"நாலு பாட்டு போட்டீங்க. முதல் ரெண்டும் பாடகின்னீங்க. கடைசிது பாடகர்னீங்க. எனக்கு மட்டும் ஏன் பாடியவர்?"

பதில் தயாராக இருந்தது. பொதுச்சொல், மரியாதைச் சொல், பாடகர் என்பதையேகூட ஆசிரியர், கலைஞர் மாதிரி இருபாலுக்கும் சொல்லலாம் என்று ஒரு கட்சி உண்டு. எடுத்தவர் அதை ஏறக்குறைய அப்படியே சொன்னார். "எல்லாருக்கும் பொதுவாச் சொன்னா பொதுச்சொல். ஒருத்தருக்கு மட்டும் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, "போன வாரத்தது தேவலைங்க. அது தெரியாம சொன்னது" என்று வைத்துவிட்டார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் ஒரு பக்கம் நியாயமாகவும் ஒரு பக்கம் அநியாயமாகவும் படுகிறது. 'பாடகி' என்று சொல்லியிருக்கலாமே என்பது இப்போது சுலபம். அப்படிச் சொல்லியிருந்தால், முந்தின வாரம் கேட்டவர் யாராவது "இது ஆம்பளைக் குரலாச்சே, தப்பாச் சொல்றாங்க" என்று போன் போட்டிருப்பார். அதற்குப் பயந்தோமா, அவரைக் காப்பாற்றினோமா? அவரைக் காப்பாற்றியதாகத்தான் அந்த அறையில் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காது சொன்னதும் தாள் சொன்னதும் மோதும்போது தாளை நம்பு என்பதுதான் விதி. நாமோ இரண்டையும் நம்பாமல் நடுவில் ஒதுங்கினோம். ஆனால் இதைச் சொல்லும்போதே, வேறு ஒருவர், எந்தப் பக்கமும் சேர விரும்பாதவர், அதே 'பாடியவர்'தான் வேண்டும் என்று கேட்கக்கூடும் என்பதும் நினைவுக்கு வருகிறது. அப்போது இந்த விதியும் உதவாது.

நடைமுறையில் சில மாற்றங்கள் வந்தன. கோப்பை ஏற்றுகிறவர் ஓடும் நேரத்தைத் தாளில் உள்ளதோடு ஒத்துப்பார்க்கிறார். இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் பாட்டு போகாது. குரலுக்கு அடைமொழி கிடையாது. கம்பீரம், குழைவு, கணீர் எல்லாவற்றையும் கேட்பவரிடமே விட்டாயிற்று. ஒப்பந்தப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்: 'தங்களை எவ்வாறு அறிவிக்க வேண்டும்?' பெரும்பாலானவர்கள் அதில் பட்டங்களை எழுதுகிறார்கள். கட்டம் போதாமல் பின்பக்கம் வரைக்கும்.

அந்த அம்மா அடுத்த பதிவுக்கு வந்தபோது அதில் தன் பெயரை மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். கியூ ஷீட்டில் பெயரை எழுதிய அறிவிப்பாளர், பக்கத்தில் பென்சிலால் 'பாடகி' என்று எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். ஒலிப்பதிவு அறையில் தம்புரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, 4 கட்டையில்.