அண்ணன் தீர்ப்புல இருந்த அந்த ஒரு வரி, ஹைகோர்ட்ல எடுத்த கதை

கொலை கேஸ்ல தண்டனையான வீட்டு ஆளுங்க யாராச்சும் இத படிச்சீங்கன்னா, மொதல்ல தீர்ப்போட கடைசி பக்கத்த எடுத்து தண்டனைன்னு போட்டிருக்கற இடத்த எழுத்துவிடாம படிங்க. எங்க அண்ணனுக்கு செஷன்ஸ் கோர்ட்ல, இந்திய தண்டனைச் சட்டத்துல கொலைக்கான 302வது பிரிவுல ஆயுள் தண்டனை, அதோட நிக்காம எஞ்சிய வாழ்நாள் முழுக்க, தண்டனைக் குறைப்பு எதுவும் கிடையாதுன்னும் சேத்து எழுதியிருந்தாங்க. கேஸ் நடத்துன வக்கீல் ஆயுள்னா ஆயுள்தான், அதுல என்ன இருக்குன்னு விட்டுட்டாரு.

வரப்புத் தகராறுல நடந்த கொலை. செத்தவரு எங்க பங்காளி, அவர் பிள்ளைங்க முகத்த இன்னைக்கும் என்னால நேரா பாக்க முடியல. அண்ணன் தண்டனை அனுபவிக்கறது நியாயமில்லன்னு நான் சொல்லவே மாட்டேன், ஆனா அந்த கோர்ட்டுக்கு குடுக்க அதிகாரமே இல்லாத தண்டனைய ஏன் அனுபவிக்கணும்?

இத கண்டுபிடிச்சது மதுரை ஹைகோர்ட் கிளைல சட்ட உதவில கெடச்ச வக்கீல். ஜெயில்ல இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவு, இது நெறைய பேருக்கு தெரியாம நெலத்த வித்துட்டு அலையறாங்க. அவர் பென்சில வச்சு ஒவ்வொரு வரியா படிச்சிட்டே வந்தவரு அந்த இடத்துல கோடு போட்டு, "தம்பி, இத செஷன்ஸ் ஜட்ஜ் எழுதவே முடியாதுப்பா"ன்னாரு.

விஷயம் இதுதான். 302ல ரெண்டே தண்டனை, தூக்கு இல்லன்னா ஆயுள். தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் நடுவுல குறைப்பு இல்லாத ஆயுள்னு ஒண்ண சுப்ரீம் கோர்ட் 2008ல ஸ்வாமி ஷ்ரத்தானந்தா கேஸ்ல கொண்டு வந்துச்சு. அப்புறம் 2015 டிசம்பர்ல ஸ்ரீஹரன் கேஸ், அதாங்க ராஜீவ் கொலை வழக்கு முருகன், அதுல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் அந்த மாதிரி தண்டனைய ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் மட்டும்தான் குடுக்கலாம், வேற எந்த கோர்ட்டும் குடுக்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லிருச்சு.

எப்படியும் ஆயுள்தானே, என்ன வித்தியாசம்னு சொந்தக்காரங்களே கேட்டாங்க. ஆயுள்னா 14 வருஷத்துல விட்டுருவாங்கன்னு ஊர்ல பேசறது தப்பு, சட்டப்படி சாகற வரைக்கும்தான். ஆனா சாதாரண ஆயுள்னா 14 வருஷம் உள்ள முழுசா முடிச்சப்புறம் முன்விடுதலைக்கு ஃபைல் போகலாம், விடறதும் விடாததும் அரசாங்கத்து இஷ்டம். அந்த வரி இருந்தா அந்த வழில ஃபைலே போகாது.

அப்பீலுக்கு 60 நாள் டைம். தீர்ப்பு நகல் குற்றவாளிக்கு இலவசமா குடுக்கணும், வக்காலத்துல ஜெயில் சூப்பிரண்டு முன்னாடி கையெழுத்து. எங்களுக்கு நாள் தாண்டிருச்சு, தாமதத்த மன்னிக்கச் சொல்லி தனி மனு போட்டு ஏத்துக்கிட்டாங்க. அம்மா விடுதலைன்னு மட்டும் கேளுங்கன்னு அழுதாங்க. வக்கீல் திடீர் சண்டைல நடந்ததுன்னு 304க்கு, அதாவது கொலைன்னு ஆகாத மரணம்னு தண்டனை கம்மியான பிரிவுக்கு மாத்தச் சொல்லி ஒரு வாதம், அது நிக்கலன்னா தண்டனைல சட்டப் பிழைன்னு தனியா ஒரு வாதம்னு பிரிச்சு எழுதினாரு. எனக்கு இருந்த ஒரே பயம், அந்த அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு இருக்கே, அவங்களே அதையே எழுதிட்டா என்ன பண்றதுன்னுதான்.

பல வருஷம் லிஸ்ட்ல வராமலே கெடந்து ஒருவழியா ரெண்டு ஜட்ஜ் இருக்கற டிவிஷன் பெஞ்ச்ல வந்துச்சு. அண்ணன் வாய்த்தகராறு முடிஞ்சு வீட்டுக்கு போயி அருவா எடுத்துட்டு வந்ததா சாட்சி இருந்ததால திடீர் சண்டை வாதம் நிக்கல, கொலைன்னே உறுதி பண்ணிட்டாங்க. தண்டனை பத்தி கேட்டப்போ அரசு வக்கீலே ஸ்ரீஹரன் தீர்ப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த வரி நீக்கம், வெறும் ஆயுள் தண்டனை. ஜெயில்ல மனு பாக்க, அதாவது அண்ணன நேர்ல பாத்து பேச போனப்போ சொன்னேன், அண்ணன் கம்பிய புடிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்ப எனக்கும் ஃபைல் போகுமாடா"ன்னு மட்டும் கேட்டான்.

2024 ஜூலை 1லேருந்து நடந்த கொலைன்னா 302க்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதாங்கற புது சட்டத்துல 103, அதுலயும் தூக்கு இல்லன்னா ஆயுள்தான். இன்னொண்ணு, ஹைகோர்ட்ல ஆர்டர் வந்ததோட வேலை முடியாது, அது கீழ் கோர்ட்டுக்கு போயி அங்கேருந்து திருத்தின வாரண்ட் ஜெயிலுக்கு போகணும். ஜெயில்ல அண்ணனுக்குன்னு வச்சிருக்கற பதிவு, ஹிஸ்டரி டிக்கெட்னு சொல்வாங்க, அதுல ரொம்ப நாள் பழைய தண்டனையேதான் இருந்துச்சு, நகல் வாங்கி நேர்ல குடுத்து, மாத்திட்டாங்களான்னு அடுத்த மனுலயே அவன்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.