ஒரே 16 ஜிபி ராம் ஸ்டிக்கா, இரண்டு 8 ஜிபியா: தம்பியின் காலேஜ் கணினி

ஜிடிஏ 5 கேம் ஒருவழியாக 1080பி, நார்மல் செட்டிங்கில் நொடிக்கு 60 பிரேமை ஒட்டி ஓடுகிறது, அதுவும் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

தம்பி மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். வீட்டிலிருந்தே போய் வருவதால் லேப்டாப் பேச்சுக்கே இடமில்லை, ஹாஸ்டல் என்றால் கதை வேறு. பகலில் ஆட்டோகேட், ராத்திரி கேம். பட்ஜெட்டில் கார்டு அடங்கவில்லை, அதனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மல்லுக்கட்டு முழுக்க ராமுக்குத்தான். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததுதானே. கடைக்காரர் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைத் தள்ளிவிடப் பார்த்தார், “அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம் தம்பி” என்று. கார்டு இருக்கும் கணினிக்கு அது சரி. 5600ஜி-யின் உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதே ராமில்தான் கை வைக்கும். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில், 51.2. ஒற்றை ஸ்டிக் போட்டால் காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸைப் பட்டினி போடுவது மாதிரி. பிடிவாதமாக இரண்டு 8 ஜிபி வாங்கி வந்தேன். வீட்டில் வேண்டுமென்றே ஒன்றைக் கழற்றி ஓட்டியும் பார்த்தேன், அதே ஜிடிஏ 30 சொச்சத்துக்கு இறங்கித் திக்கித் திணறியது.

வாங்கினால் மட்டும் போதாது. நாலு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும்தான் ஸ்டிக்கைப் போட வேண்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்யும்வரை என் ராம் 3200-க்குப் பதில் 2400-லேயே கிடந்தது. ஆன் செய்தபின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம், டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும், இரட்டித்துக்கொள்ளுங்கள். ராமில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் அளவை ஆட்டோவிலிருந்து 2 ஜிபிக்கு மாற்றினேன்.

இந்த பிராசசரோடு வரும் கூலருக்கு ஸ்க்ரூ. போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழற்றியதும் பின்னால் பேக்பிளேட் பொத்தென்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். இதை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ.

பில் கேட்டால் ஜிஎஸ்டி 18% தனி என்றார்கள். முனகிக்கொண்டே கொடுத்தேன், வாரண்டிக்குப் பில்தானே ஆதாரம். பவர் சப்ளை 550 வாட் எடுத்திருக்கிறேன், பின்னால் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஒரே 8 பின் கேபிளில் வேலை முடியும்.

கேபிளெல்லாம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் தம்பிக்கு வேலரன்ட் கேம் வேண்டுமாம். விண்டோஸ் 11-ல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் ஆனில் இல்லாமல் திறக்காது. செக்யூர் பூட்டுக்கு பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆகவிடும் வசதி) அணைக்க வேண்டும், அணைத்தால் பழைய கணினியிலிருந்து எடுத்துப் போட்ட, எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த எஸ்எஸ்டி பூட் ஆகாது. முதலில் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கட்டளை கொடுத்து அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும், அதற்கும் முன்னால் அவனுடைய அசைன்மென்ட் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்கிறேன்.