ஒரே பேனாவில் எழுதிய எண்கள்

அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து 21 வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் குழந்தைகள் வார்டு. அப்புறம் பிரசவ வார்டு, மெடிக்கல் வார்டு என்று சுற்றிவிட்டு, இப்போது ஏழு வருடமாக என்.சி.டி. எனும் தொற்றா நோய்ப் பிரிவில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் மாதம் ஒருமுறை வந்து மாத்திரையும் ஊசி மருந்தும் வாங்கிப் போகும் இடம். காலை ஏழரைக்குக் கதவைத் திறக்கும்போதே வராந்தாவில் ஐம்பது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் நோட்டு, காலி மருந்து பாட்டில், டீ குடிக்கச் சில்லறை.

அந்த வரிசையில் அங்கங்கே ஒரு பள்ளிச் சீருடை தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெரியவர்கள் பக்கம் போக வேண்டியதுதான். பல அரசு மருத்துவமனைகளில் இதுதான் நடைமுறை. 18 வயது வரை குழந்தை மருத்துவர்களே பார்க்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. ஆனால் கட்டில் குறைவு, டாக்டர் குறைவு என்று அது நடக்காமலே இருக்கிறது. எந்தத் தொடையில் ஊசி போட்டால் அழாது என்பது வரை பிள்ளையைத் தெரிந்து வைத்திருக்கும் சிஸ்டர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்ததும் ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்து, “சுகர் யாருக்கும்மா, பாட்டிக்கா?” என்று நாங்கள் கேட்போம். நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு இன்னும் மனதில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் தாத்தா, “இந்த வயசுலயேவா? ரொம்ப ஸ்வீட் சாப்பிடுவியோ?” என்பார். அவர் பாசத்தில்தான் கேட்கிறார்.

இவர்களுக்கு இருப்பது முதல் வகை சர்க்கரை நோய். மிட்டாய் தின்று வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரை எடுபடாது. ஊசி நின்றால் சில நாட்களில் உயிருக்கே வந்துவிடும். 1922 ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில் இன்சுலினைச் சிகிச்சையாக முதன்முதலில் போட்டுக்கொண்ட நோயாளி லியோனார்ட் தாம்சன். வயது 14. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊசி மருந்தை அளந்து கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வரும்.

நான் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் பிரிவிலிருந்து 13 வயதில் எங்களிடம் வந்தவள். அப்பா லாரி டிரைவர், அம்மா மில் வேலை. மாதாமாதம் அம்மாவோடு வருவாள். நான் கேள்வி கேட்பேன், அம்மா பதில் சொல்வார். “ஊசி ஒழுங்கா போடுறாளா?” “ரெண்டு வேளையும் போடுறா சிஸ்டர். சொல்லுடி சிஸ்டர்கிட்ட.” அவள் தலையை ஆட்டுவாள். வீட்டில் பார்த்த சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டை நீட்டுவாள். 118, 124, 110, 121. எல்லாம் அழகான எண்கள். நான் “வெரி குட்” என்று சிரித்துவிட்டு மருந்து கொடுத்து அனுப்புவேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தச் சமயத்தில் லேபில் அதற்கான மருந்து இல்லை. வெளியே எடுத்து வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு நாள் காலை டூட்டிக்கு வந்தால், பெண்கள் மெடிக்கல் வார்டில் அவள். நள்ளிரவில் 108-இல் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிற்றுவலி, வாந்தி, இழுத்து இழுத்து ஆழமாக மூச்சு. கிட்டப் போனால் அழுகிய பழம் போல ஒரு வாடை. அந்த வாடையை ஒருமுறை உணர்ந்த நர்ஸ் மறக்கவே மாட்டாள். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, அந்த அமிலம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஒரு பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்த பாட்டி, மறுபக்கம் ஈரல் கெட்டு வயிறு வீங்கிய பெண்மணி. நடுவில் இவள், வளையலைக் கழற்றிய கையில் இரண்டு டிரிப்.

மூன்றாம் நாள் அவள் அம்மா இட்லி வாங்கப் போயிருந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நோட்டு தலையணைக்குக் கீழே இருந்தது. எடுத்துப் புரட்டினேன். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. முப்பது நாள் எண்களும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். எங்கும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் வகுப்பில் லோ சுகர் ஆகியிருக்கிறது. காலையில் ஊசி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. வேர்த்து, கை நடுங்கி, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் டீச்சரைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். சர்க்கரை இறங்கினால் மூளைக்குத் தீனி கிடைக்காது, அப்படித்தான் ஆகும். வகுப்பு அதைப் பேய் பிடித்தது என்று பேசியிருக்கிறது. அதற்கு அப்புறம் காலை ஊசியைச் சிரிஞ்சில் ஏற்றி, வாஷ்பேசினில் பீச்சிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா பாட்டிலைப் பார்த்தால் மருந்து குறைந்திருக்கும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பின் விலைக்குப் பயந்து பரிசோதனையும் செய்யவில்லை. எங்களிடம் ஊசி மருந்து இலவசம், ஸ்ட்ரிப் கிடையாது. அதை வெளியில்தான் வாங்க வேண்டும்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“நல்ல நம்பர் எழுதினாத்தான் நீங்க சிரிக்கிறீங்க சிஸ்டர்.”

இரண்டு வருடம் மாதாமாதம் பார்த்த பிள்ளை. ஒரு தடவைகூட அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசியதில்லை. பேச இடமும் இல்லை, ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நேரமும் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சொல்லிக்கொள்ள எந்தச் சமாதானமும் இல்லை.

அதற்கு அப்புறம் நான் கையால் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஊசி போடும் இடத்தைத் துணிக்கு மேல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பிளஸ் ஒன் பையன், டோஸ் ஏற்றிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் வலது தொடையில் விரலை ஓட்டினால், தோலுக்கு அடியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். நாலு வருடமாக அதே இடத்தில் போட்டிருக்கிறான், அங்கே போட்டால் வலிக்காதாம். அந்தக் கொழுப்புக் கட்டிக்குள் போன மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேராது. வயிறு, இரண்டு தொடை என்று இடம் மாற்றிப் போடச் சொல்லி வட்டம் போட்டுக் காட்டினேன். டோஸையும் டாக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டியிருந்தது. நல்ல இடத்தில் அதே டோஸ் போனால் லோ ஆகிவிடுமே.

இந்த வயதில் மருந்தே ஒரு நிலையில் நிற்காது. பருவம் வரும் வருடங்களில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்களால் உடம்பு இன்சுலினுக்கு மசிவதில்லை. ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு முக்கால் யூனிட் இன்சுலினில் இருந்த பிள்ளைக்கு ஒன்று, சிலருக்கு ஒன்றரை வரைகூடத் தேவைப்படும். இது தெரியாமல், “திருட்டுத்தனமா எதையோ தின்னுது” என்று வீட்டில் அடி விழும். நாங்களும் திட்டுவோம்.

இன்னொரு கூட்டமும் இப்போது வர ஆரம்பித்திருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் இரண்டாம் வகை சர்க்கரை. பெரியவர்களுக்கு வருவதே இவர்களுக்கும். பின்கழுத்தில் கருப்பாகப் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு அம்மா, “அழுக்கு சிஸ்டர், கடலை மாவு போட்டு எவ்வளவு தேச்சும் போகல” என்றார். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து கிடந்தது. அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் என்று சொன்னதும் அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை!

அரசாங்கம் இந்த வயதினரை மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2014-இல் தொடங்கிய வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. ஆலோசகர் உண்டு, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை உண்டு. அந்த நீல மாத்திரை அவசியம்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் தினமும் ஊசியோடு வாழும் பிள்ளைக்கு அந்த மாத்திரையும் மாதவிடாய் பற்றிய ஒரு வகுப்பும் போதாது.

ரகசியம்தான் இவர்களுக்குப் பெரிய பாரம். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது வீட்டுக்கே மருந்து போகிறதே என்று சந்தோஷப்பட்டேன். பெரியவர்களுக்கு அது வரம். ஒரு அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “எங்க வீட்டுக்கு யாரையும் அனுப்பிடாதீங்க சிஸ்டர். தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?” மகளுக்கு அப்போது 14 வயது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், கல்யாணமாகி நாலாம் நாள் மூச்சுத் திணறலோடு வந்த 21 வயதுப் பெண்ணை அதே வார்டில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. மாமியார் வீட்டில் ஊசியை எங்கே வைத்துப் போடுவது என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறாள். மஞ்சள் கயிற்றில் இன்னும் மஞ்சள் ஈரம் காயவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

பையன்கள் பதினெட்டு தாண்டியதும் காணாமலே போய்விடுவார்கள். திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று வேலை. நோட்டு வீட்டில் கிடக்கும். ஒருவன் ஹாஸ்டலில் மருந்து தீர்ந்ததும் சொந்தக்காரர் கொடுத்த பேனா ஊசியின் மருந்துக் குழாயிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டிருக்கிறான். எங்கள் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அந்தக் குழாயில் 100. எங்கள் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் 50 யூனிட் உள்ளே போய்விடும். ரூமில் இருந்த நண்பன் ஒருவன் வாயில் சர்க்கரையைத் தடவித் தூக்கிக்கொண்டு ஓடியதால் உயிர் தப்பினான். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு என்ற வித்தியாசத்தை இவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? எட்டு வயதில் அவன் அம்மாவுக்குச் சொன்னோம். அவனுக்கு நேராகச் சொல்லவே இல்லை.

எங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, கூட்டம் குறைந்த பிறகு, இந்தப் பிள்ளைகள் மட்டும். பள்ளி லீவு என்பதால் வருகைப் பதிவு போகாது. கட்டுப் போடும் அறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த இடத்தை ஆயா அக்காவும் நானும் ஒதுக்கினோம். இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன். இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். முதல் பத்து நிமிடம் பெற்றோர் வெளியே.

அதற்குத்தான் பெரிய சண்டை. “நான் பெத்தவ, எனக்குத் தெரியாம அப்படி என்ன பேச்சு?” என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டு போய், அடுத்த மாதம் அவராகவே வந்தார். சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியது பெற்றோர்தான். அதனால் பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: “நீ சொல்றதை வெளியே சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தா, போக்சோ சட்டப்படி நான் புகார் கொடுத்தாகணும்.” இதைக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் பயந்தேன். எல்லை தெரிந்த பிறகுதான் பேசுகிறார்கள். பீர் குடித்தால் ராத்திரி லோ ஆகுமா, ஊசி போட்டால் குண்டாகிவிடுவேனா, குழந்தை பிறக்குமா, நைட் ஷிப்டில் எத்தனை மணிக்குப் போடுவது. ஏழு வருடத்தில் வராந்தாவில் ஒரு தடவைகூட நான் கேட்டிராத கேள்விகள்.

ஸ்ட்ரிப்புக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. யாராவது நன்கொடை கொடுத்தால் இரண்டு பெட்டி வருகிறது, பங்கிட்டுக் கொள்கிறோம். எனக்கு இடமாறுதல் வந்தால் இந்தச் சனிக்கிழமை என்ன ஆகும் என்பதும் தெரியாது. ஒரு நர்ஸின் ஆர்வத்தில் இது நிற்கக் கூடாது, மருத்துவமனையின் வழக்கமாகவே ஆக வேண்டும் என்று போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே பேனாவில் எண்கள் எழுதிய அந்தப் பெண் இப்போது கல்லூரி முதலாம் ஆண்டு. போன மாதம் தனியாக பஸ் ஏறி வந்தாள். வகுப்புத் தோழிகள் இருவருக்கு லோ சுகர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை. நோட்டை நீட்டினாள். நீலம், கருப்பு, ஒரு இடத்தில் பென்சில். 64-க்குப் பக்கத்தில் “பஸ் ஸ்டாண்ட்” என்று கிறுக்கல். நடுவில் ஐந்து நாள் ஒன்றுமே எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் மூலையில் சாம்பார் கறை, அதன் மேல் 312. கீழே, “அக்கா கல்யாணம், ரெண்டு ஜிலேபி.”

“இதுக்கு எத்தனை யூனிட் போட்ட?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.