லேசர் பொறியில் எலக்ட்ரான் எண்ணியது

புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை இது. என்டி-யாக் என்ற படிக லேசரின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பைக் காற்றில் குவித்தால் டப்பென்று ஒரு பொறி வெடிக்கும். அதற்குள் காற்றணுக்களிலிருந்து பிய்ந்து வந்த எலக்ட்ரான்களின் அடர்த்தி எவ்வளவு? பொறியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எலக்ட்ரானை அளக்கும் ஊசி போன்ற லாங்மியூர் புரோபை நுழைக்க வழியில்லை. அதனால் ஒளிக்கற்றையைப் பிரித்து மறுபடி சேர்த்து அளக்கும் மாக்-செண்டர் இன்டர்ஃபெரோமீட்டர்.

லேசரின் ஒரு பங்கை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றி இரண்டாகப் பிரித்தோம். ஒரு கற்றை பொறி வழியாக, இன்னொன்று வெறும் காற்று வழியாக. இரண்டும் சேரும் இடத்தில் வரிவரியாகத் தெரியும். சொல்ல இவ்வளவுதான், வரி தெரிவதற்குள் உயிர் போய்விட்டது. ஹீலியம்-நியான் லேசரில் பளிச்சென்று வந்த வரிகள், பச்சைத் துடிப்புக்கு மாறியதும் காணோம். எங்கள் என்டி-யாக்கின் ஓரியல் நீளம், அதாவது இரு பாதைகளும் எவ்வளவு வேறுபட்டாலும் வரி தெரியும் என்ற வரம்பு, சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். இரு பாதைகளும் அதற்குள் சமமாக இருந்தாக வேண்டும். ஸ்கேலும் நகரும் மேடையுமாக மல்லுக்கட்டினோம். பொறி வெடித்து 30 நானோநொடி கழித்துப் படம் வேண்டுமென்றால் பச்சை ஒளியை 9 மீட்டர் சுற்றவிட வேண்டும், அது தனிக் கூத்து.

கடற்காற்றும் சும்மா விடவில்லை. ஏசி அறைக் கதவு திறந்திருந்தால் ஆடியில் பனி படியும். வெளியே பஸ் போனால் வரிகள் நகரும். துடிப்பு சில நானோநொடியே என்பதால் படம் கலங்காது. ஆனால் பொறியில்லாத படத்தோடு ஒப்பிட்டால் எல்லா வரியும் தள்ளி நிற்கும். பொறிக்கு எட்டாத ஓரத்தைப் பூஜ்ஜியமாக வைத்துச் சமாளித்தோம்.

அப்புறம் வரிகளைப் படிப்பது. எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணை 1-க்குக் கீழே இறக்கும், அதிர்வலையில் நெரிந்த காற்றோ ஏற்றும். அதனால் நடுவில் வரி ஒரு பக்கம் வளையும், விளிம்பில் மறுபக்கம். பச்சை ஒளியில் ஒரு வரி நகர்ந்தால், பாதை நெடுகச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2×10¹⁷ எலக்ட்ரான்கள். பாதை ஒரு மில்லிமீட்டர் என்றால் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4×10¹⁸. உள்ளே அடர்த்தி எப்படிப் பரவியிருக்கிறது என்று அறிய ஏபெல் தலைகீழாக்கம்: பாதை நெடுகக் கிடைத்த மொத்தத்திலிருந்து, அச்சிலிருந்து ஒவ்வொரு தூரத்திலும் உள்ள அடர்த்தியைப் பிரித்தெடுக்கும் கணக்கு. அதில் அச்சருகே வரும் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை, பிழையெல்லாம் அங்கேதான் குவியும்.

இதைவிடக் கள்ளத்தனமானது சூடான காற்று. நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் காற்று முழுக்க வெளியேறினாலே அரை வரி நகரும், அதுவும் எலக்ட்ரான் நகர்த்தும் அதே திசையில். பொறி ஆறிய பிறகு ஒரே நிறத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. எலக்ட்ரானால் வரும் நகர்வு அலைநீளத்தோடு கூடும், காற்றால் வருவது குறையும். எனவே 1064-லேயே இன்னொரு படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.