டைனோசரைக் கொன்றது கம்பளிப்பூச்சியா?

டைனோசர் எப்படி அழிந்தது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட விண்கல் என்று சொல்லிவிடும். சரிதான், ஆனால் அந்தப் பதில் வருவதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் சொல்லிப் பார்த்த காரணங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் படித்தால் நேரம் போவதே தெரியாது. 1990இல் தொல்லுயிரியலாளர் மைக்கேல் பென்டன் பட்டியல் போட்டபோது நூறைத் தாண்டிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கம்பளிப்பூச்சி. 1962இல் ஸ்டான்லி ஃப்ளாண்டர்ஸ் சொன்னது: பூக்கும் தாவரங்களோடு பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களும் பெருகின, அவற்றின் புழுக்கள் இலைகளை மொட்டையடித்தன, தாவரம் தின்னும் டைனோசர் பட்டினியில் செத்தது, அதைத் தின்று வாழ்ந்ததும் பின்னாலேயே போனது. இவர் பூச்சியியலாளர் என்பதைச் சொல்ல வேண்டுமா என்ன! கிராஃப்ட் என்பவர் 1982இல் டைனோசர்களுக்குக் கண்புரை வந்து பார்வை போனது என்றார். 1940களில் கோல்பெர்ட், கௌல்ஸ், போகர்ட் மூவரும் அலிகேட்டர் முதலைகளை வெயிலில் விட்டு உடல் சூடு எப்படி ஏறுகிறது என்று அளந்தார்கள். பெரிய உடம்பு மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அதிலிருந்து ஒரே தாவல்: உலகம் கொஞ்சம் வெப்பமானதும் டைனோசர் விரைகள் சூடேறி மலடாகிவிட்டன!

வாயு விட்டே அழிந்தன என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். 2012இல் வந்த கட்டுரை, நீண்ட கழுத்து சாரோபாட்கள் ஆண்டுக்குச் சுமார் 52 கோடி டன் மீத்தேன் விட்டிருக்கலாம், அதனால் பூமி சூடாக இருந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொன்னது. அழிவைச் சேர்த்துவிட்டது சில ஊடகங்களின் கைவேலை.

இந்த எல்லாக் கதைகளையும் ஒரே கேள்வியில் மடக்கிவிடலாம். சரி, அப்படியானால் அம்மோனைட் ஏன் செத்தது? சுருள் ஓட்டோடு கடலில் நீந்திய அந்த உயிர்களும், கடல் மிதவை நுண்ணுயிர்களில் பெரும்பகுதியும் அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் போயின. கம்பளிப்பூச்சி கடலில் என்ன செய்யும்?

இதற்காக அடுத்த துறைக்காரர் மூக்கை நுழைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். விண்கல்லும் அப்படி வந்ததுதான். கடற்பஞ்சு நிபுணரான டி லாபன்ஃபெல்ஸ் 1956லேயே அதைச் சொன்னார், காட்ட ஆதாரம் இல்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு இத்தாலியில் கூபியோ என்ற இடத்துப் பாறையில் இருந்த, டைனோசர் அழிந்த காலத்து மெல்லிய களிமண் அடுக்கு படிய எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடத்தான் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் அவருடைய மகன் வால்டரும், விண்தூசியோடு சீராக வந்து விழும் இரிடியம் என்ற உலோகத்தை அளக்கப் போனார்கள். அது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. பூமியின் மேலோட்டில் அரிது, விண்கற்களில் தாராளம். 1980இல் கட்டுரை வந்தது, சண்டையும் தொடங்கியது. அதே காலத்தில் இந்தியாவில் பொங்கிய தக்காண எரிமலைக் குழம்புக்கு அழிவில் எவ்வளவு பங்கு என்பதில் அது இன்றும் நடக்கிறது.

விண்கல் விழுந்த பள்ளம் எங்கே என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். மெக்சிகோவின் யுகடானில் எண்ணெய் தேடிய க்ளென் பென்ஃபீல்ட் 1978இலேயே காந்தப்புல அளவீட்டில் அதன் வளைவைப் பார்த்திருந்தார், 1981இல் ஒரு மாநாட்டில் சொல்லவும் செய்தார், ஆனால் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் காதுக்கு அது எட்டி, கட்டுரையாக வர 1991 ஆகிவிட்டது.