நூலகர் முதலில் கேட்டது என் ஒப்படைப்புத் தாளை

மாணவர்களுக்குத் தேடத் தெரியவில்லை என்ற புகாரோடுதான் நான் எங்கள் கல்லூரி நூலகரிடம் போனேன். மூன்றாம் ஆண்டு சமூகவியல் மாணவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளில், தேடுபொறியின் முதல் பக்கத்தில் அகப்பட்டவையே சான்றுகளாக அடுக்கப்பட்டிருந்தன; தரவுத்தளங்களைக் காட்டி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். பருவத்தின் முதல் வாரத்திலேயே அவர் வந்து எடுத்தார். எட்டு வாரம் கழித்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அதில் ஒன்றும் மாணவர்களின் நினைவில் இல்லை. தலைப்பே கையில் இல்லாதவருக்குத் தேடும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் அது எங்கே தங்கும்?

அடுத்த பருவத்துக்கு முன் மறுபடியும் போனேன். வகுப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பாக, மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒப்படைப்புத் தாளை அவர் கேட்டு வாங்கினார். ‘தரமான ஐந்து சான்றுகளைப் பயன்படுத்தவும்’ என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, “தரமானது என்று எதை வைத்து முடிவு செய்வார்கள், சார்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆண்டுகளாக ஆய்விதழ்களைப் படித்துவரும் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிவது அவர்களுக்கும் தெரியும் என்ற எண்ணத்திலேயே அந்த வரியை எழுதியிருந்தேன். ஐந்து என்ற எண்ணிக்கையும் கெடுதலே செய்திருந்தது. ஐந்தாவது கிடைத்ததும் மாணவர் தேடுவதை நிறுத்திவிடுவார், அந்த ஐந்தும் தமக்குள் முரண்படுகின்றனவா என்று பார்க்கமாட்டார்.

தாளை இருவருமாகத் திருத்தினோம். எண்ணிக்கையை எடுத்துவிட்டு, ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லும் இரண்டு ஆய்வுகளையாவது எதிரெதிரே வைத்துப் பேச வேண்டும் என்று எழுதினோம். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினேன், என்ன வந்தது, ஏன் சொல்லை மாற்றினேன் என்பவற்றைப் பதியும் தேடல் குறிப்பேடு ஒன்றையும் சேர்த்து, அதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்கினோம். வகுப்பு ஐந்தாம் வாரத்துக்கு நகர்ந்தது.

அந்த வகுப்பில், வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்ற கேள்வியை ஒரு மாணவி முழு வாக்கியமாகவே தேடல் பெட்டியில் தட்டினார், எதுவும் வரவில்லை. நூலகர் பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில் புலம்பெயர்வு, இடப்பெயர்வு, பருவகால வேலை. மற்றதில் இடைநிற்றல், பள்ளி வருகை. ஒரே வட்டத்துச் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), இரு வட்டங்களுக்கு இடையே ‘அண்ட்’ (AND: இரண்டும் இருக்க வேண்டும்). இது எனக்கும் தெரிந்ததுதான். பொருத்தமான ஒரு கட்டுரை அகப்பட்டதும் அதன் பதிவைத் திறந்து, அங்கே தரப்பட்டிருந்த பொருள் தலைப்புகளை, அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று தரவுத்தளம் குறித்துவைக்கும் நிலையான சொற்களை, எடுத்து அவற்றைக் கொண்டே மீண்டும் தேடியதைத்தான் நான் அதுவரை செய்ததில்லை.

பிறகு அதே கட்டுரையின் மேற்கோள் பட்டியல் வழியே பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவற்றை கூகுள் ஸ்காலரில் பார்த்து முன்னோக்கியும் அழைத்துப் போனார். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 2016இல் ஏற்றுக்கொண்ட தகவல் அறிவுச் சட்டகத்தின் (தகவலைத் தேடவும் மதிப்பிடவும் பயன்படுத்தவும் கற்பிப்பதற்கான வழிகாட்டி ஆவணம்) ஆறு கருத்துகளில், புலமை என்பது ஓர் உரையாடல் என்பதும் ஒன்று; ஓர் ஆய்வு இன்னொன்றுக்குப் பதில் சொல்லும் அந்த உரையாடலைத்தான் அவர் காட்டினார். அந்த ஆவணத்தை அவர் முன்பே கொடுத்திருந்தும், வெறும் கொள்கை விளக்கம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

வரைவுகள் வந்தபோது, ஒரு மேற்கோளின் டிஓஐ எண் (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் தனி அடையாள எண்) சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரைக்குக் கொண்டுபோனது. செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த பட்டியலை மாணவர் அப்படியே ஒட்டியிருந்தார். அவருடைய குறிப்பேட்டில் அந்தத் தலைப்புக்கான தேடல் எதுவும் இல்லாததால் பேச்சு எளிதாக முடிந்தது.

குறிப்பேடுகளையும் நூலகரே திருத்தட்டும் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். எல்லாத் துறைகளுக்கும் தாம் ஒருவரே என்று மறுத்துவிட்டார். திருத்துவது என் வேலை என்றும், தேடலில் சிக்கிக்கொண்டவர்களை மட்டும் அவரிடம் அனுப்புவது என்றும் பிரித்துக்கொண்டோம். முதல் வாரம் நான் அனுப்பிய நால்வரில் மூவரை, சிக்கல் தேடலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்று சொல்லி என்னிடமே திருப்பி அனுப்பினார்.